636001 பகா எண்ணா? ஒரு பெரிய எண்ணைப் பிரித்து மேயும் வழி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சாயங்கால நேரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஏற்காட்டுப் பெண் ஒருத்தி, இங்கே பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். ஏதோ விண்ணப்பத்தில் முகவரி எழுதிக்கொண்டிருந்தவள் சட்டென்று தலையைத் தூக்கி, “சார், எங்க ஊர் பின்கோடு ஏழால வகுபடுது. சேலத்துது எதாலயும் வகுபடாதுங்களா?” என்று கேட்டாள்.

சேலம் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 636001. நான் தாளை எடுத்து 2, 3, 5, 7 என்று ஆரம்பித்து 97 வரைக்கும் வகுத்துப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. “பகா எண்தான்மா”, அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். “பந்தயங்களா சார்?” என்றாள். ஒரு தட்டுவடை செட் என்று பேச்சு. மறுநாள் வந்தவள் நோட்டை நீட்டினாள். அதில் ஒரே ஒரு வரி: 647 × 983 = 636001.

தட்டுவடை செட் போனதில் வருத்தமில்லை. பாதியில் நிறுத்திவிட்டு முடிவு சொன்னேனே, அதுதான் உறுத்தியது. அன்றைக்கே உட்கார்ந்து இந்த எண்ணை முறைப்படி பிரித்தேன். அதையே படிப்படியாக இங்கே எழுதுகிறேன். கையில் தாளும் பேனாவும், கடையில் வைத்திருக்கும் சாதாரண கால்குலேட்டரும் இருந்தால் போதும். உங்கள் ஊர் எண்ணை எடுத்துக்கொண்டு கூடவே செய்து பாருங்கள்.

எண் எவ்வளவு பெரியது?

பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. ஆறு இலக்கங்களில் முதல் 6 என்பது தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலம். முதல் மூன்றும் சேர்ந்த 636 சேலத்து வட்டாரம். தருமபுரிக்கும் 636-தான். கடைசி மூன்று இலக்கங்கள் எந்த அஞ்சலகம் என்று சொல்லும். சேலம் 636001, ஏற்காடு 636601. ஒரு இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் குணத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

எந்த எண்ணை எடுத்தாலும் முதலில் அதன் வர்க்கமூலத்தைத் தோராயமாகக் கண்டுபிடித்து தாளின் மூலையில் எழுதி வையுங்கள். 800-இன் வர்க்கம் 640000. நம் எண் அதைவிட 3999 குறைவு. 3999-ஐ 800-இன் இரு மடங்கான 1600-ஆல் வகுத்தால் சுமார் 2.5. ஆக வர்க்கமூலம் ஏறக்குறைய 797.5. இதுதான் எல்லைக்கல். ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கலாக உடையுமானால், இரண்டுமே வர்க்கமூலத்தைத் தாண்டி இருக்க முடியாது. ஒன்றாவது அதற்குள் இருந்தே ஆகவேண்டும். அதனால் 797 வரையுள்ள பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும், அதற்குக் குறைவாகச் சோதித்தால் போதாது. 797 வரை மொத்தம் 139 பகா எண்கள். நான் சோதித்தது 25. ஏற்காட்டுக்கு ஏறுகிறேன் என்று கிளம்பி கோரிமேட்டிலேயே இறங்கிக்கொண்ட கதை.

சின்னச் சின்ன வகுத்திகளைக் களைவது

2, 3, 5 எல்லோருக்கும் தெரிந்தவை. 636001 ஒற்றைப்படை, கடைசி இலக்கம் 5 இல்லை, இலக்கங்களின் கூட்டுத்தொகை 16 என்பதால் 3-ஆலும் வகுபடாது.

7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் பார்க்கலாம். 7 × 11 × 13 = 1001. எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கங்களாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள். 636001 என்பது 636, 001. வலப்புறத்திலிருந்து இடப்புறத்தைக் கழித்தால் 1 − 636 = −635. இது 7-ஆலும் வகுபடாது, 11-ஆலும் வகுபடாது, 13-ஆலும் வகுபடாது. ஏற்காட்டுக்கு 601 − 636 = −35. உடனே தெரிகிறது, 7-ஆல் வகுபடும். அந்தப் பெண் இதை மனசுக்குள்ளேயே போட்டிருக்கிறாள்.

37-க்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. 999 = 27 × 37 என்பதால் மூன்றிலக்கத் துண்டுகளைக் கூட்டினால் போதும். 636 + 1 = 637. 37 × 17 = 629, மீதி 8. வகுபடாது.

இனி சேலத்துக்காரர்களுக்கென்றே அமைந்த ஒரு குறுக்குவழி. 636 = 12 × 53. அதனால் 636-இல் தொடங்கும் எந்தப் பின்கோட்டையும் 53-ஆல் வகுக்க முழு எண்ணையும் தொட வேண்டியதில்லை, கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் வகுத்தால் போதும். 001-க்கு மீதி 1. 601-க்கு மீதி 18. உங்கள் ஊர் எண்ணுக்கும் இதுபோல ஏதாவது இருக்கும். முதல் மூன்று இலக்கங்களைத் தனியே காரணிப்படுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதற்கு மேல் தந்திரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போகவேண்டியதுதான். 636001-க்கு அப்படிப் போனால் 647-இல்தான் வழி கிடைக்கும், அது வரிசையில் 118-ஆவது பகா எண். கால்குலேட்டர் இருந்தாலும் 118 முறை தட்டுவதற்குள் வெறுத்துப்போகும். 241-இல் மீதி 2, 311-இல் மீதி 6, 397-இல் மீதி 7 என்று பக்கத்தில் வந்து வந்து ஏமாற்றும். (மீதி குறைவாக வந்தால் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம் இல்லை. அடுத்த பகா எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.)

ஃபெர்மாவின் வழி

பிரான்ஸ் நாட்டின் தூலூஸ் நகரத்தில் சட்டத்தொழில் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டவர் ஃபெர்மா. 1643-இல் எழுதிய ஒரு கடிதத்தில் 2027651281 என்ற எண்ணை 44021 × 46061 என்று உடைத்துக் காட்டினார். அடிக்கு அடி வகுத்து அல்ல. அவர் பிடித்த சங்கதி இதுதான்: ஒற்றைப்படை எண் ஒன்று இரண்டு எண்களின் பெருக்கல் என்றால், அது இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமும் ஆகும். எட்டாம் வகுப்பில் படித்த அ² − இ² = (அ − இ)(அ + இ)-தான், திருப்பிப் போட்டிருக்கிறார்.

ஆக, 636001-உடன் ஏதோ ஒரு வர்க்கத்தைக் கூட்டினால் இன்னொரு வர்க்கம் வரவேண்டும். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணான 798-இல் தொடங்குங்கள். 798² = 636804. அதிலிருந்து 636001-ஐக் கழித்தால் 803. இது வர்க்க எண்ணா? இல்லை. அடுத்து 799. அதற்காக 799-ஐப் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம். 798 + 799 = 1597, அதை 803-உடன் கூட்டினால் 2400. அடுத்ததற்கு 1599-ஐக் கூட்டுங்கள், பிறகு 1601, பிறகு 1603. ஒவ்வொரு தடவையும் கூட்ட வேண்டியது இரண்டிரண்டாக ஏறும். வெறும் கூட்டல்தான்.

798 – 803
799 – 2400
800 – 3999
801 – 5600
802 – 7203
803 – 8808
804 – 10415
805 – 12024
806 – 13635
807 – 15248
808 – 16863
809 – 18480
810 – 20099
811 – 21720
812 – 23343
813 – 24968
814 – 26595
815 – 28224

இதில் எது வர்க்க எண் என்று பார்க்கப் பதினெட்டுக்கும் வர்க்கமூலம் எடுக்க வேண்டியதில்லை. கடைசி இலக்கங்களைப் பார்த்தே தள்ளிவிடலாம். எந்த வர்க்கமும் 2, 3, 7, 8-இல் முடியாது. அதிலேயே 803, 7203, 8808, 15248, 16863, 23343, 24968 ஏழும் போயிற்று. 5-இல் முடிந்தால் 25 என்றுதான் முடியவேண்டும், ஆகவே 10415, 13635, 26595 இல்லை. ஒற்றைச் சுழியில் முடியக்கூடாது, ஆகவே 18480, 21720 இல்லை. இரட்டைச் சுழியில் முடிந்தால் முன்னால் இருப்பது வர்க்கமாக இருக்கவேண்டும். 24-உம் 56-உம் வர்க்கமில்லை. ஒற்றைப்படை வர்க்கத்துக்குப் பத்தாம் இலக்கம் எப்போதும் இரட்டைப்படை, எனவே 99-இல் முடியும் 3999, 20099 இரண்டும் தள்ளுபடி. மிச்சம் இருப்பவை 12024, 28224 இரண்டே இரண்டு. 109² = 11881, 110² = 12100, நடுவில் 12024 மாட்டிக்கொள்கிறது. 28224 = 168². வந்துவிட்டது.

815 − 168 = 647. 815 + 168 = 983. இரண்டும் பகா எண்கள்தானா என்று பார்ப்பது எளிது. 647-க்கு 23 வரை, 983-க்கு 31 வரை சோதித்தால் போதும். இரண்டும் தேறும்.

118 வகுத்தலுக்குப் பதில் 18 அடி. ஏற்காட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் 20, நமக்கு அதைவிட இரண்டு குறைவு! இன்னும் பாதியாகவும் குறைக்கலாம். வர்க்க எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1-தான் வரும். 636001-இன் மீதி 1. அது வரவேண்டுமானால் அ ஒற்றைப்படையாகவும் இ இரட்டைப்படையாகவும் இருந்தே தீரவேண்டும். அப்படியானால் 798, 800, 802 எல்லாம் வீண்வேலை. 799, 801 என்று ஒற்றைப்படையை மட்டும் பார்த்தால் ஒன்பதே அடியில் 815. இது எனக்குத் தாளை மடித்து வைத்த பிறகுதான் உறைத்தது.

அதே வழி அஸ்தம்பட்டியில் செல்லாது

இந்த வழியைக் கண்டதும் நான் ஒரு வாரம் எல்லா எண்ணுக்கும் அதையே போட்டுக்கொண்டிருந்தேன். சேலத்துக்குள்ளேயே இருக்கும் அஸ்தம்பட்டியின் 636007-இல் சிக்கினேன். 636001-ஐவிட ஆறுதான் கூட. 798-இல் தொடங்கி ஒரு பக்கம் நிரம்பி, அடுத்த பக்கமும் நிரம்பி, ஒன்றும் வரவில்லை. கடைசியில் பழைய வகுத்தலுக்கே திரும்பினேன். 157-இல் வகுபட்டது. 636007 = 157 × 4051. 157 என்பது 37-ஆவது பகா எண், ஆகவே 37 வகுத்தலில் வேலை முடிகிறது. ஃபெர்மா வழியில் போயிருந்தால் இரண்டு காரணிகளின் சராசரியான 2104 வரை ஏறவேண்டும். 798-இலிருந்து அது 1307 அடி. இந்த எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 3, அதனால் இங்கே அ இரட்டைப்படை. அதை மட்டும் எடுத்தாலும் 654.

காரணிகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் ஃபெர்மா, ஒன்று சிறிசாகவும் மற்றது பெரிசாகவும் இருந்தால் வகுத்தல். எது எப்படி என்று முன்கூட்டியே தெரியாதே? நான் இப்போது செய்வது: முதலில் 100 வரை வகுத்துப் பார்ப்பேன். நகரவில்லை என்றால் ஃபெர்மா வழியில் ஓர் இருபது அடி. அதிலும் இல்லை என்றால் திரும்பி வந்து 101-இலிருந்து வகுத்தலைத் தொடர்வேன். ஏற்காட்டு எண் இதில் வேறு ரகம். 7 போனதும் 90943 மிஞ்சும், வர்க்கமூலம் 301-தான். எண் சுருங்கினால் எல்லைக்கல்லும் கிட்டே வந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. 199-இல் உடைந்து 636601 = 7 × 199 × 457.

காரணிகள் கைக்கு வந்தபின்

இதற்கு மேல் எண்ணின் மற்ற குணங்கள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். 636001-க்கு வகுத்திகள் நான்கு: 1, 647, 983, 636001. கூட்டினால் 637632, அதாவது 648 × 984. ஏற்காட்டுக்கு மூன்று பகாக் காரணிகள், ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம், ஆகவே 2 × 2 × 2 = 8 வகுத்திகள். இரண்டு ஊர் எண்களுக்கும் 1-ஐத் தவிரப் பொது வகுத்தி கிடையாது. காரணி தெரியாமலேயே இதைச் சொல்லலாம். இரண்டின் வித்தியாசம் 600, பொது வகுத்தி இருந்தால் அது 600-ஐயும் வகுக்கவேண்டும், 636001-ஐயோ 2, 3, 5 எதுவும் வகுக்காது.

636001-ஐவிடச் சிறிய எண்களில் அதனோடு பொது வகுத்தி இல்லாதவை எத்தனை? இரண்டு காரணிகளிலும் ஒவ்வொன்று குறைத்துப் பெருக்கினால் போதும்: 646 × 982 = 634372. இந்த ஒரு எண்ணை யாராவது உங்கள் காதில் போட்டுவிட்டால் காரணிகளைத் தேடவே வேண்டாம். 636001 − 634372 + 1 = 1630, இது இரண்டு காரணிகளின் கூட்டுத்தொகை. கூட்டுத்தொகை 1630, பெருக்கல் 636001. பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடு: க² − 1630க + 636001 = 0. பாதி 815, அதன் வர்க்கத்திலிருந்து 636001 போக 28224, அதன் மூலம் 168. ஃபெர்மாவின் பட்டியலில் கடைசி வரி எதுவோ அதேதான் இங்கேயும் வந்து நிற்கிறது. இதைக் கரும்பலகையில் போட்டபோது பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் அப்படித்தான்.

இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக வரும் இந்த எண், இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக வருமா? வராது. 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகா எண் ஒற்றைப்படைத் தடவை காரணியாக வந்தால் முடியாது என்பது ஃபெர்மா சொல்லி, ஆய்லர் நிரூபித்த விஷயம். 647-க்கு மீதி 3, 983-க்கும் 3. மொத்த எண்ணுக்கு மீதி 1 என்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது.

இரண்டு தடவை எழுதினால்

ஆறு இலக்கம் போதாது, நிஜமாகவே பெரிய எண் வேண்டும் என்றால் பின்கோட்டை அடுத்தடுத்து இரண்டு முறை எழுதுங்கள். 636001636001. நம் முறைப்படி காற்புள்ளி வைத்தால் 6,36,00,16,36,001. அறுபத்து மூவாயிரத்து அறுநூறு கோடியே பதினாறு லட்சத்து முப்பத்தாறாயிரத்து ஒன்று. கடைக் கால்குலேட்டரின் பன்னிரண்டு இலக்கத் திரையில் விளிம்பு வரை நிற்கும்.

மிரளவேண்டாம். இது 636001 × 1000001-தான். 1000001 = 101 × 9901, இரண்டும் பகா எண்கள். ஆகவே

636001636001 = 101 × 647 × 983 × 9901

எந்தப் பின்கோட்டை இரண்டு முறை எழுதினாலும் 101-ம் 9901-ம் இலவசமாக வந்துவிடும். அது தெரியாமல் வகுக்கப் போனாலும் பெரிய தொல்லை இல்லை. இந்த எண்ணின் வர்க்கமூலம் சுமார் 7,97,497, அது வரை 63 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் உண்டு. ஆனால் 101 போனதும் எண் சுருங்கும், 647 போனதும் இன்னும் சுருங்கும், 983-உம் போனால் மிச்சம் 9901. அதன் வர்க்கமூலம் 100-க்குள். அதற்குள் உள்ளவற்றை ஏற்கெனவே சோதித்தாயிற்று, அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

வகுத்திகள் 16. தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளைக் கூட்டினால் 8,00,92,34,527, அதாவது எண் 63,600 கோடி என்றால் கூட்டுத்தொகை சுமார் 801 கோடி. 6, 28 போன்ற எண்களுக்கு இந்தக் கூட்டுத்தொகை அந்த எண்ணாகவே வரும். இதற்கு எட்டுகிற தூரத்தில்கூட இல்லை. 9901-க்குத் தனியாக ஓர் அழகு உண்டு. 1-ஐ அதனால் வகுத்தால் 0.000100999899 என்று பன்னிரண்டு இலக்கம் வந்து, மறுபடி அதுவே திரும்பத் திரும்ப வரும்.

பெருக்கல் சரிதானா என்று பார்க்க 9-ஐ வைத்துச் சோதியுங்கள். காரணிகளின் இலக்கங்களை ஒற்றை இலக்கமாகும் வரை கூட்டினால் 101-க்கு 2, 647-க்கு 8, 983-க்கு 2, 9901-க்கு 1. பெருக்கினால் 32, அதாவது 5. பன்னிரண்டு இலக்கங்களின் கூட்டுத்தொகையும் 32, அதுவும் 5. ஆனால் 647-ஐக் கைதவறி 674 என்று எழுதியிருந்தாலும் இந்தச் சோதனை தேறிவிடும். இடம் மாறிய பிழையை இது பிடிக்காது.

லினக்ஸ் கணினியில் ‘ஃபேக்டர்’ என்று தட்டி எண்ணைக் கொடுத்தால் இவை எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும் என்பது வாஸ்தவம். ஆனால் கணினிக்கும் எல்லை உண்டு. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் வகுத்த, ரகசியச் செய்திகளைப் பூட்டும் ஆர்எஸ்ஏ பூட்டு இந்த எல்லையில்தான் நிற்கிறது. பெரிய இரண்டு பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கலை உடைப்பது கஷ்டம். 250 இலக்கம் கொண்ட ஒரு சோதனை எண்ணை 2020-இல்தான் உடைத்தார்கள். அந்தப் பூட்டுக்கு எடுக்கும் இரண்டு பகா எண்களும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருக்கக்கூடாது என்பது விதி, இல்லாவிட்டால் 647-உம் 983-உம் மாட்டிக்கொண்ட மாதிரி ஃபெர்மாவிடம் மாட்டிக்கொள்ளும். உடைக்காமலேயே பகா எண்ணா இல்லையா என்று மட்டும் சொல்வது வேறு வேலை. அதற்கு எந்தச் சந்தேகமும் வைக்காத, வேகமான வழி ஒன்று உண்டு என்று 2002-இல் காட்டியவர்கள் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா.

போன சனிக்கிழமை ஊருக்குப் போகும் அவசரத்தில் அந்தப் பெண் வாசலில் நின்று, “மூணு தடவை எழுதினா என்னங்க சார் வரும்?” என்றாள். கால்குலேட்டரில் பதினெட்டு இலக்கம் நிற்காது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 48, அதனால் 3-ஆல் வகுபடும் என்று மட்டும் அவள் செருப்பு மாட்டுவதற்குள் சொன்னேன். மீதியை ராத்திரி தாளில் போட்டேன். மூன்று தடவை எழுதுவது 636001-ஐ 1000001000001-ஆல் பெருக்குவதுதான். 1000001000001 என்பது 1001001 × 999001. முதலாவது 3 × 333667, இரண்டாவது 19 × 52579. இந்தத் தடவை பகா எண்தான் என்று வாய்விடும் முன் 333667-ஐ 577 வரைக்கும் வகுத்தேன்.